நீ மெழுகு பூசிய ஸிப்

தம்பி,

போன வியாழக்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு ஆரணி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். மருமகள் மாமனுக்குத் தனியாக எடுக்கிறாள் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று விளங்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று கேட்டேன். பிள்ளை நல்ல சுகமாம், உனக்குத்தான் சுகமில்லையாம். "மாமா, பிள்ளை பிறந்து மூண்டு மாசமாகுது. இவர் ஒருநாள்கூடப் பிள்ளைக்குக் குளிக்க வார்க்கேல்லை. கார்ச் சீட்டின்ர பட்டியை நான் பூட்டினாப் பிறகு அவிட்டுத் திரும்பப் பூட்டுறார். வாங்கோ, குளிக்க வார்ப்பம் எண்டு கூப்பிட்டா, என்ர கையை நம்பிப் பிள்ளையைத் தண்ணிக்க விடாதை எண்டு சொல்லுறார். நேற்று அழுதவர், மாமா. சிவம் மாமாவின்ர ஸிப் எண்டு மட்டும் சொன்னவர். அது என்ன கதை? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே." நான் "பிறகு எடுக்கிறன் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு அறுபத்துநான்கு வயது. பல இடங்களில் இருந்து ஓடியவன்தான் நான். ஆனாலும் ஒரு பிள்ளை நேராகக் கேட்ட கேள்விக்குப் பயந்து ஓடியது அதுதான் முதல் தடவை.

ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னர் சித்திரை வருஷப்பிறப்பன்று உன் சிவம் மாமா கடலில் இறந்தபோது, குளிர்த் தண்ணீருக்கென்று நீ வாங்கிக் கொடுத்த ரப்பர் உடுப்பு அவர் உடம்பில் இல்லை. அதன் ஸிப் பூட்டுப்படவில்லை, அதனால்தான் அவர் போடவில்லை என்று நான் சொன்னேன். அது பொய். ஸிப் சரியாகத்தான் இருந்தது. நீ பார்த்த வேலையில் ஒரு பிழையும் இல்லை. அந்த உடுப்பைப் போடவேண்டாம் என்று சொன்னவன் நான். எட்டு வருஷமாக நீ சுமக்கிறது என்னுடைய சுமை, அதை உன் தலையில் ஏற்றியவனும் நான்தான். இதற்குப் பிறகு வருவதை வாசிக்க மனமில்லை என்றால் இவ்வளவோடு நிறுத்திவிடலாம். வாசித்தால் நல்லது, ஏனென்றால் பொய் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் இதையும் நான் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லுகிறேன் என்று நினைத்துவிடுவாய். உன்னைத் தேற்றும் தகுதி எனக்கு இல்லை.

அன்றைக்கு நாங்கள் ஓட்டிய தோணி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் ஆரணிக்குத் தெரியாது. அவளும் இதை வாசிக்கவேண்டும் என்பதால் எழுதுகிறேன். சிவம் என் தங்கச்சியின், அதாவது உன் மாமியின், புருஷன், எனக்கு மச்சான். ஜேர்மனிக்கு வருவதற்கு முன்னர் ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காக நீர்கொழும்பில் எட்டு மாதம் காத்துக் கிடந்தவர். சும்மா இருக்கமுடியாமல் அங்கே மீன்பிடிகாரரோடு கடலுக்குப் போயிருக்கிறார். தோணியின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளமான மரமிதவை ஒன்றை இரண்டு வளைந்த தடிகளால் கட்டியிருப்பார்கள். இந்தத் தோணியைத்தான் இருபது வருஷத்துக்குப் பிறகு கீல் நகரத்தில் எங்கள் சமையலறை மேசையில், பாண் வந்த கடதாசிப் பையின் பின்புறத்தில் அவர் எனக்குக் கீறிக் காட்டினார். "மச்சான், இதைக் கட்டினா என்ன?" என்றார். கட்டத் தெரிந்தவர் அவர். கட்டளை போடத் தெரிந்தவன் நான். பாண் சுடுகிற தொழிற்சாலையில் மாப் பிசையும் இயந்திரம் திருத்துகிறவன் என்ற துணிவில், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாமலே நான் அந்தத் தோணிக்குத் தலைவனானேன். அவர் சிரித்துக்கொண்டு விட்டுக் கொடுத்தார். இரண்டு குளிர்காலம் எங்கள் கராஜில் ஒட்டுப்பலகையையும் பசையையும் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் மாரடித்தோம். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. தும்முகிற தும்மல் எல்லாம் மரத்தூளாக வருகிறது என்று அம்மா உன்னைக் கராஜுக்கு வரவிடாமல் மறித்ததும், நீ யன்னலால் வந்ததும் நினைவிருக்கும்.

தோணி மிதந்தது. எனக்கே ஆச்சரியம். வைகாசியில் இறக்கினால் ஐப்பசி வரை ஓட்டுவோம். துறைமுகத்து ஜேர்மன்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வந்து கயிற்று முடிச்சைப் பார்த்தார்கள், பிறகு தேநீர் கொண்டுவந்து தந்தார்கள். காற்று எங்கிருந்து வந்தாலும் மாமா ஊர்ப் பெயரைத்தான் சொல்வார். தென்மேற்கு என்றால் சோளகம், மேற்கு என்றால் கச்சான், வடக்கிலிருந்து வந்து எலும்பைத் தொட்டால் வாடை. அந்தத் தோணிக்கு ஒரு சட்டம் இருந்தது. மிதவை எப்போதும் காற்று வருகிற பக்கத்தில் இருக்கவேண்டும். காற்றுக் கூடினால் ஒருவர் தடி வழியே மிதவைப் பக்கம் நகர்ந்து தன் பாரத்தால் தோணியைச் சமன் செய்யவேண்டும். திரும்பி வரவேண்டும் என்றால் தோணியைத் திருப்புவதில்லை. பாயின் அடியைத் தூக்கிக்கொண்டுபோய் மற்ற முனையில் வைத்துக் கட்டவேண்டும், பிறகு பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். தனியாக ஒருவன் செய்யக்கூடிய வேலை அல்ல அது. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

உனக்குப் பதினாறு வயதான வருஷத்து ஐப்பசி மாதத்தை நீ மறந்திருக்கமாட்டாய். கச்சான் எழும்பிவிட்டது, கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்தது, மாமா இரண்டு தரம் "மச்சான், திரும்புவம்" என்று சொன்னார். வெளிச்சவீட்டைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று நான் நின்றேன். வெளிக்கிடும்போது அப்படிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். நீ தடியில் நனைந்துபோய், உதடு நீலமாகி, என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். மூன்றாவது தரம் மாமா கேட்கவில்லை. எழும்பிப் போய்ப் பாயை இளக்கினார், உன்னைக் கூப்பிட்டார், நீங்கள் இரண்டு பேரும் பாயை மாற்றினீர்கள், கரைக்கு வந்தோம். அவர் அன்றைக்கு எங்கள் மூன்று பேரையும் காப்பாற்றினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவன் கோபித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவர்தான் மீன் வாங்கிக்கொண்டு வந்து, "சரி மச்சான், பிழை என்னிலதான்" என்றார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உன்னை மறுத்துப் பேசுகிற ஒருவனையாவது பக்கத்தில் வைத்திரு. அவன் வாயை மூடிவிட்டால் நீ தனியாகத்தான் நிற்கிறாய்.

பிறகு நீ தொழிற்பயிற்சிக்காக ஹனோவருக்குப் போனாய். அங்கே உன்னோடு வேலை பழகிய ஒருவன் குளிர்ந்த தண்ணீர் எப்படிக் கொல்லும் என்று சொல்லியிருக்கிறான். உன் அவுஸ்பில்டுங் பயிற்சிச் சம்பளத்தில் இரண்டு பழைய ரப்பர் உடுப்பு வாங்கிக்கொண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தாய். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும், உள்ளே ஒரு துளி தண்ணீரும் போகாது. முதுகுப் பக்கம் தோளுக்குத் தோள் தடித்த ஸிப், அதை இன்னொருவர்தான் இழுத்துப் பூட்டவேண்டும். மாமாவுக்கு வாங்கியதில் ஸிப் இறுக்கமாக இருந்தது. நீ கராஜ் படியில் இருந்துகொண்டு ஒரு மெழுகுத் துண்டால் அதன் பல்லுப் பல்லாகப் பூசினாய். ஒரு மணித்தியாலம் இருக்கும். பூசிவிட்டு மாமாவைப் போடவைத்து இழுத்துக் காட்டினாய். அது போனது. "அப்பா, தண்ணிக்க இறங்கமுன்னம் ரெண்டு பேரும் இதைப் போடவேணும். சித்திரையில வெயில் எறிக்கும், ஆனா தண்ணி இன்னும் மாரிக்குளிர்த் தண்ணி. ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாய். நான் "ஓமப்பன்" என்றேன். மாமா அந்த உடுப்போடு கராஜுக்குள் ஆடிக் காட்டினார். அம்மா சிரித்துக் கண்ணீர் விட்டாள்.

அந்த வருஷத்துக்கு முதல் தரமாகத் தோணியை, வைகாசி வரை காத்திருக்காமல், வருஷப்பிறப்பன்றே இறக்குவது என்று தீர்மானித்தவன் நான். வருஷம் பிறந்தால் நல்ல நேரம் பார்த்துத் தொழில் தொடங்குவது எங்கள் வழக்கம்தானே. ஊரில் சித்திரை என்றால் கடல் தட்டையாகக் கிடக்கும், தண்ணீர் குளிக்கச் சூடாக இருக்கும். அந்தச் சித்திரையைக் கொண்டுவந்து பால்டிக் கடலில் வைத்தேன். பஞ்சாங்கத்தில் நேரம் இலங்கை மணிக்குப் போட்டிருந்தது. நான் கணக்குப் பார்த்து, பத்தரை மணியோடு நல்ல நேரம் முடிகிறது என்று எல்லாருக்கும் அறிவித்தேன். சனிக்கிழமை, உனக்கு வேலை. அம்மாவும் மாமியும் வீட்டில் பொங்கிக்கொண்டு இருந்தார்கள், மத்தியானம் சாப்பாட்டோடு கரைக்கு வருவதாக ஏற்பாடு. மூலிகை மருத்துநீர் தலையில் வைத்துத் தோய்ந்து, புது வேட்டியும் புதுச் சட்டையும் உடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போனோம். தோணியைத் தள்ளி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி முடிய மணி பத்து இருபது. வெயில் நன்றாக எறித்தது. நாய் கொண்டு நடந்த ஒரு ஜேர்மன்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார்.

மாமா காரைத் திறந்து உடுப்பை எடுத்தார். "மச்சான், பெடியன் சொன்னவன். போடுவம்" என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "அதைப் போட்டு முடிய நேரம் போயிடும். புது உடுப்போட இறங்கினாத்தானே வருஷப்பிறப்பு. ஒரு பத்து நிமிஷம் ஓடிப்போட்டு வந்து மாத்துவம்." அவர் உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி குளிராயெல்லே இருக்கும்" என்றார், மிகவும் மெதுவாக, கேள்வி மாதிரி. நான், "தண்ணிக்கயா போறம்? தண்ணிக்கு மேலதானே போறம்" என்றேன். பகிடி விட்டேன் தம்பி. அவர் சிரித்தார். உடுப்பை மடித்துத் திரும்பக் காருக்குள் வைத்தார். ஸிப்பை அவரும் இழுக்கவில்லை, நானும் இழுக்கவில்லை. ஒருவரும் அதைத் தொடவில்லை. மிதவை அங்கியை மட்டும் புதுச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டோம். தொலைபேசிகள் காரில் கிடந்தன, வேட்டியில் பொக்கற் இல்லைத்தானே.

சோளகம் கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. தோணி நன்றாக ஓடியது, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், அதைப்போல அது முன்னர் ஓடியதில்லை. கரையை விட்டு ஐந்நூறு மீற்றர் இருக்கும்போது காற்று ஒரு அடி அடித்தது. மாமா சமன் செய்ய எழும்பித் தடியில் காலை வைத்தார். அவருடைய வேட்டிக் கரை கட்டுக் கயிற்றில் மாட்டியது. கால் எடுக்கமுடியாமல் அப்படியே பக்கவாட்டில் தண்ணீருக்குள் போனார். பாரம் இல்லாமல் போனதால் தோணி சரிந்து நிமிர்ந்து ஓடத் தொடங்கியது. நான் தோணியில் இருக்கிறேன், ஒரு துளியும் நனையவில்லை. திரும்பவேண்டும் என்றால் பாயை மாற்றவேண்டும். நான் தனியன். பாயின் அடியைத் தூக்கினேன், காற்று அதை என் கையிலிருந்து பறித்துத் தண்ணீரில் போட்டது. திரும்பத் தூக்கினேன். பிறகு பாயை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தேன். காற்றுக்கு எதிரே வலித்தேன். இரண்டு முழம் போனால் ஒன்றரை முழம் பின்னால் வந்தது.

அவர் உடனே இறந்தார், ஒரு நோவும் தெரியாமல் போனார் என்று மாமிக்கும் உனக்கும் சொன்னேன். அதுவும் பொய். மிதவை அங்கி அவருடைய முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது. அவர் பேசினார், எனக்குக் கேட்டது. முதலில் மூச்சு வாங்க முடியாமல் ஒரு சத்தம். பிறகு, "பாயை மாத்து மச்சான், அவசரப்படாதை, நான் நிக்கிறன்" என்றார். எனக்குப் படிப்பித்தார், தண்ணீருக்குள் இருந்துகொண்டு. எந்தக் கயிற்றை முதலில் அவிழ்க்கவேண்டும் என்று சொன்னார். பிறகு, "வேட்டி காலைச் சுத்துது" என்றார். அதற்குப் பிறகு வந்த வார்த்தைகள் எனக்கு விளங்கவில்லை, நாக்கு இழுத்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது கண் திறந்திருந்தது. தூக்கினேன், எனக்குத் தூக்க ஏலவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நாய் கொண்டு நடந்த அந்த மனிதர் கரையில் நின்று அழைத்ததால் மீட்புப் படகு வந்தது. வந்தவர்கள் கெட்டிக்காரர்கள், செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். அதற்கு முன்னரே முடிந்துவிட்டிருந்தது.

நீ ஹனோவரிலிருந்து ரயிலில் வந்தாய். நேரே பொலிசுக்கு வந்தாய், ஏனென்றால் நான் அங்கே இருந்தேன், எனக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு வாய் நீதான். எட்டு வயதில் வெளிநாட்டவர் கந்தோரில் என் மடியில் இருந்துகொண்டு அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் வாசித்தவன் நீ. நான் கோபத்தில் ஏதாவது சொன்னால் அதைத் திருத்தி, மரியாதையாக்கி, மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாவுக்குச் சொல்வாய். அவள் உன்னைப் பார்த்துச் சிரிப்பாள், எங்கள் அலுவல் நடக்கும். அன்றைக்கும் அப்படித்தான் பக்கத்தில் இருந்தாய். பொலிஸ்காரர் நல்ல மனிதர், தண்ணீர் தந்தார். "அப்பா, உடுப்பு காருக்க இருந்ததாம். ஏன் போடேல்லை எண்டு கேக்கினம்" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். "ஸிப் பூட்டுப்படேல்லை எண்டு சொல்லு" என்றேன். நீ உன் கைகளைப் பார்த்தாய். பிறகு, "அப்பா, நான் மெழுகு பூசினனான்" என்றாய். "எவ்வளவு இழுத்தும் வரேல்லை. அவர் போடாமல் நான் மட்டும் போடுறது சரியில்லை எண்டு நானும் போடேல்லை. அப்பிடிச் சொல்லு." பார், பொய்க்குள் என்னை நல்லவனாகவும் ஆக்கிக்கொண்டேன். நீ பொலிஸ்காரர் பக்கம் திரும்பி ஜேர்மனில் சொன்னாய். உன் வாழ்க்கையில் என் பேச்சை ஒரு சொல்லும் திருத்தாமல் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். சொல்லும்போது உன் குரல் உடைந்தது. பொலிஸ்காரர் அதைத் துக்கம் என்று நினைத்தார்.

ஏன் சொன்னேன் என்று எட்டு வருஷம் யோசித்திருக்கிறேன். தங்கச்சியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் ஒன்று. உன்னிடம் ஓம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டவன் என்று நீ என்னைப் பார்ப்பாயே என்ற வெட்கம் இன்னொன்று. வாயில் வந்த முதல் சாமானைத் தூக்கி எறிந்தேன், அது உன்னில் பட்டது. ஸிப் என்றால் ஒரு பொருள்தானே, ஒருவருக்கும் நோகாது என்று அந்த நொடியில் நினைத்தேன். அதற்கு மெழுகு பூசிய கை ஒன்று இருந்தது என்று அடுத்த நொடியில் தெரிந்தது. அடுத்த நொடியிலேயே திருத்தியிருக்கலாம். அடுத்த நாளும் திருத்தியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் பிந்தப் பிந்த அது கஷ்டமாகிக்கொண்டே போனது. நீ வீட்டுக்கு வருவதைக் குறைத்தாய். நான் அதற்கும் உன்னைக் குறை சொன்னேன்.

உன் அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். காரிலிருந்து உடுப்பை எடுத்துவந்தவள் அவள்தான். அன்று பின்னேரம் என் முன்னால் நின்று அந்த ஸிப்பை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்தாள். திருப்பி இழுத்தாள். மூன்று தரம். நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். பிள்ளைக்குச் சொல்லவேண்டியவர் நீங்கள்தான் என்று அவள் எட்டு வருஷமாக என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆரணி எடுத்த அன்று தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் அம்மா நிற்கிறாள். "பேத்தியையும் இதுக்க இழுத்தாச்சு. இனியும் பேசாமல் இருந்தியள் எண்டால் நான் சொல்லுவன். ஆனா நீங்கள் சொல்லுறதுதான் முறை" என்றாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது ஒருவருக்கும் தெரியாது. மாமாவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நேரம் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தபோதுதான் கண்டேன். வருஷப்பிறப்புக்கு நான் குளிர்கால நேர வித்தியாசத்தைக் கழித்திருக்கிறேன். இங்கே கோடைக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிக் கிட்டத்தட்ட மூன்று கிழமையாகிவிட்டது, கணக்கில் அதை விட்டுவிட்டேன். நல்ல நேரம் பத்தரைக்கு முடியவில்லை. அது அப்போது தொடங்கவேயில்லை. பதினொன்றரை வரை இருந்தது. உடுப்பையும் போட்டு, தேநீரும் குடித்து, ஆறுதலாக இறங்கியிருக்கலாம். அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்தேன். அதற்குப் பிறகு வாரம் ஒரு தரம் கரைக்குப் போய், சமையல் வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டுப் பார்க்கிறேன். ஆவணிக் கடைசியில் கடல் மனிதன் இறங்கக்கூடியதாக இருக்கும். மார்கழியில்கூட அது நாங்கள் நினைக்கிற அளவுக்குக் குளிராது. சித்திரையில்தான், மரம் தளிர்க்கிற நேரத்தில், பூக்களைப் பார்த்து எல்லாரும் ஏமாறுகிற நேரத்தில், வெப்பமானி ஆறு பாகையில் நிற்கும். இங்கே கடல் கரையைவிட இரண்டு மாதம் பிந்தி நடக்கிறது. நீ பத்தொன்பது வயதில் ஒரு வசனத்தில் சொன்னதை நான் எட்டு வருஷம் அளந்து படித்திருக்கிறேன். தோணி கராஜுக்குப் பின்னால் கவிழ்ந்தபடியே கிடக்கிறது, பனியில் அதன் அடி வெடித்துவிட்டது.

முந்தநாள் ரயில் எடுத்து, இப்போது ஹம் நகரத்தில் இருக்கிற தங்கச்சியிடம் போனேன். அவள் பக்கத்தில் உள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "தண்ணிக்க இருந்து என்ன கதைச்சவர்?" என்று மட்டும் கேட்டாள். அவசரப்படாதை, நான் நிக்கிறன் என்றதைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "அவர் உங்களை மறுத்துக் கதைக்கமாட்டார் அண்ணை. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனீங்கள்" என்றாள். பிறகு, "பெடியன் எவ்வளவு காலமாய் என்ர முகத்தைப் பாக்காமல் திரியிறான். நான் அவனைக் கோவிச்சுக்கொண்டிருந்தன். பாவி, நானும் கோவிச்சனான்" என்று சொல்லி அப்போதுதான் அழுதாள். நான் கிட்டப் போனேன். கையைக் காட்டி நிற்பாட்டினாள். "உடுப்பை அனுப்புங்கோ. நானே கொண்டுபோய் அவனிட்டைக் குடுக்கிறன். நீங்கள் இனி இஞ்ச வராதேங்கோ." சரி என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்கு வந்தேன். நீயும் அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டேன். பொலிசிலும் போய்ச் சொல்ல நாள் குறித்து ஒரு டெர்மின் எடுத்திருக்கிறேன். இந்த முறை உன்னைக் கூப்பிடமாட்டேன், என் ஓட்டை ஜேர்மனில் நானே சொல்லுவேன்.

நீ லிஃப்ட் பரிசோதிக்கும் வேலையில் எல்லாரையும்விடக் கவனமானவன் என்று உன் மேலதிகாரி உன் கலியாணத்தில் சொன்னபோது சபையில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் தட்டிக்கொண்டு இருந்தான். உனக்குப் புத்தி சொல்ல நான் யார். ஆனாலும் அப்பன் என்றபடியால் ஒன்று சொல்லுகிறேன். உன் மகள் வளர்ந்து, உன்னிடம் ஓம் என்று வாங்கிய ஒரு சொல்லை நீ மறந்துவிட்டால், அவளிடமே போய் மறந்துவிட்டேன் என்று சொல்லு. அன்றைக்கே சொல்லு. அவள் கொஞ்ச நாள் கோபிப்பாள், அவ்வளவுதான்.

நீ பிறந்தபோது நாங்கள் அகதி முகாமில் இருந்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல். ஒன்பது குடும்பத்துக்கும் பொதுவான சமையலறைத் தொட்டியில் உனக்கு முதன்முதலாகக் குளிக்க வார்த்தது நான்தான். எனக்கும் என் கையில் நம்பிக்கை இருக்கவில்லை. முழங்கையை வைத்துத் தண்ணீரைப் பார், சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. இடது கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்து அவளுடைய தோளைப் பிடி. அவ்வளவுதான் வித்தை.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் உடுப்போடு ஒரே பெட்டியில் வைத்து மாமிக்கு அனுப்புகிறேன். அவள் வாசித்துவிட்டுத்தான் உன்னிடம் கொண்டுவருவாள். பெட்டியைக் கட்டமுன் உடுப்பின் பையில் கைவிட்டுப் பார்த்தேன், மெழுகுத் துண்டு ஒன்று இருந்தது, புதியது. அம்மாவைக் கேட்டேன். வருஷா வருஷம் சித்திரையில் நிலக்கீழ் அறைக்குப் போய்ப் பூசுகிறாளாம், நீ ஒருநாள் வந்து கேட்பாய் என்று. மாமி உன் மேசையில் அந்த உடுப்பை வைப்பாள். அவள் முன்னாலேயே ஸிப்பைப் பிடித்து இழு. ஒரு தரம் இழுத்தால் போதும், அது போகும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய், பிள்ளைக்குக் குளிக்க வார்.

அப்பா